எங்கள் சேனலின் வலது மூலை

சட்டையைத்தான் முதலில் பார்த்தேன்.

வெளிர்நீலச் சட்டை. பாக்கெட்டில் ஒரு பேனா. கழுத்துப் பொத்தான் வரை போட்டிருக்கும். எங்கள் ஊர் கேபிள் சேனலின் வலது மூலையில், ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துக்குக் கீழே, அந்தச் சட்டையை நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்து வருகிறேன். குருவிநத்தம் பக்கத்தில் இறந்துபோன ஆண்களில் பாதிப் பேர் அதைப் போட்டுக்கொண்டுதான் டிவியில் வந்தார்கள்.

இந்தத் தடவை நான் பார்த்தது போலந்து நாட்டில், ஒரு ஃபாக்டரி ஊரில், வாடகை அறையில். பிற்பகல் மூன்று மணிதான், அதற்குள் ஜன்னலில் வெளிச்சம் வடிந்திருந்தது. காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, ஈரச் சாக்ஸை ஹீட்டர் மேல் போட்டுவிட்டு, லேப்டாப்பை அறையின் டிவியோடு ஒயர் போட்டு இணைத்தேன். ரெண்டு நாளாக எங்கள் சேனல் வரவில்லை. ஊரில் மழை, கரண்ட் இல்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். அன்றைக்கு வந்துவிட்டது. எனக்கு ஒரே குஷி.

வலது மூலையில் நீலச் சட்டை. இன்றைக்கு யாரு என்று டிவிக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன்.

சட்டைக்கு மேல் சித்தப்பா முகம் இருந்தது.

டெஸ்ட் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. அப்படி விளையாடக்கூடிய ஆள். இப்போது போன் வரும், எனக்கு அவர் வைத்த பட்டப்பெயரில் “இன்னாடி ரிமோட்டு, பயந்துட்டியா?” என்பார் என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டே நின்றேன். அதற்குள் கீழே எழுத்து ஓடியது. அவர் பெயர், ஊர், ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்று மனைவி பெயர், அண்ணன் என்று என் அப்பா பெயர். அடுத்து, மகள். சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் கிடையாது.

மகள் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

சட்டை வந்த கதை

சித்தப்பாதான் அந்த சேனல். எங்கள் வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு ரூம், ஒரு கம்ப்யூட்டர், டிஷ், ஏகப்பட்ட ஒயர். ஆற்றங்கரைப் பக்கம் ஐந்தாறு ஊருக்குக் கேபிள் அங்கிருந்துதான் போகும். ஊர்ப் பேரில் ஒரு சேனலும் அதிலேயே. பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தீமிதி, காணாமல் போன கன்றுக்குட்டி, நாளைக்குக் கரண்ட் கிடையாது என்ற அறிவிப்பு, எல்லாம் அதில் வரும்.

டைப் அடிப்பது சித்தி. கல்யாணத்துக்கு முன்னால் பாகூரில் டைப்ரைட்டிங் படித்தவள். குரல் சித்தப்பாவுடையது. ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் அவர்தான், தேர் நேரலைக்கும் அவர்தான், சாயங்காலம் ஏழரை மணிச் செய்திக்கும் அவர்தான்.

யாராவது இறந்துவிட்டால் படத்தை வலது மூலையில் போடுவார். கருமாதி முடிகிற அன்று எடுப்பார். அதற்குக் காசு வாங்க மாட்டார். ஆனால் ஜனங்கள் கொண்டுவந்து கொடுக்கிற படம் இருக்கிறதே, அது பெரிய சிரமம். கிராமத்து ஆம்பளைகள் பாதிப் பேர் படம் எடுத்துக்கொள்வதே இல்லை. ஏதோ கல்யாண வீட்டில் வெற்றுடம்போடு பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது எடுத்ததைக் கொண்டுவருவார்கள்.

“கடைசியா ஊரு பாக்கற மூஞ்சி. சட்ட இல்லாம போட்டா நல்லாவா இருக்கும்?” என்று தன்னுடைய படத்திலிருந்து சட்டையை மட்டும் வெட்டி எடுத்து, தலையை அதன் மேல் பொருத்திவிடுவார். கழுத்து சில பேருக்குச் சேரும், சில பேருக்குச் சேராது. ஒரு முறை பத்தாவது படித்துக்கொண்டிருந்த நான் மாடியில் நின்று கேட்டேன்.

“சித்தப்பா, மேல போனா எல்லாரும் ஒரே சட்டையில நிப்பாங்களே, எமனுக்கு எப்படி அடையாளம் தெரியும்?”

“அதுக்குத்தாண்டி கீழ பேர ஓட விடறேன்.”

பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த சித்தி சிரித்ததில் ஒரு பெயரைத் தப்பாக அடித்துவிட்டு, அழித்து மறுபடி அடித்தாள்.

போலந்தில் நான் பார்த்த அன்றைக்கு அந்தச் சட்டை அதன் சொந்தக்காரர் உடம்பில் இருந்தது. கழுத்து சரியாகச் சேர்ந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் போனைக் கீழே வைத்தேன். ஒட்டுப்போடாத படம் அது.

“அது ஃப்ரான்ஸுல எங்க?”

நான் போலந்து போன கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வில்லியனூர் தாண்டி ஒரு கம்பெனியில் வண்டி உதிரி பாகங்களை அளந்து பார்க்கிற வேலை எனக்கு. புது மெஷின் வருகிறது, அதைப் பழகிக்கொண்டு வர ஒரு ஆளை மூன்று மாதம் அனுப்புகிறோம் என்றார்கள். கையைத் தூக்கியவர்களில் நான்தான் முதல். எதற்கும் முதலில் கை தூக்குவது என் வியாதி.

ஃப்ரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்றால் ஒரே நாடுதான். “பாப்பா ஃப்ரான்ஸுக்குப் போவுதாமே?” என்று தெருவே கேட்டது.

“ஃப்ரான்ஸு இல்லக்கா, போலந்து.”

“அது ஃப்ரான்ஸுல எங்க?”

போய்ச் சேர்ந்த முதல் வாரம் ரொம்ப ஜாலி. மெஷின் பிடித்திருந்தது, பனி பிடித்திருந்தது, முட்டைக்கோஸ் கூடப் பிடித்திருந்தது. ரெண்டாவது வாரம் சாயங்காலங்கள் பிடிக்காமல் போயின. பேச ஆள் இல்லை. அறையில் டிவி இருந்தது. நான் டிவி பார்த்து வளர்ந்த பெண். பாஷை தெரியாவிட்டால் என்ன, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

காட்டில் காளான் பொறுக்குவதை ஒரு மணி நேரம் காட்டினார்கள். நீச்சல்குளம் மாதிரி ஒரு பானையில் சூப் வைத்தார்கள். வானிலை சொல்கிற பெண் எவ்வளவு குளிரைச் சொன்னாலும் சிரித்தாள். ஆனால் ஒன்றைப் பார்த்து நான் அசந்துபோனேன். அங்கே வெளிநாட்டுப் படம் போட்டால் டப்பிங் கிடையாது. ஒரே ஒரு ஆம்பளை எல்லோருடைய வசனத்தையும் வாசிக்கிறார். கதாநாயகன், வில்லன், குழந்தை, கிழவி, எல்லாம் அவர்தான். கதாநாயகி விக்கி விக்கி அழுகிறாள். இவர் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார்.

சித்தப்பாவுக்குப் போன் பண்ணி இதைச் சொன்னேன்.

“ஒரே ஆளா? பொம்பளைக்கும் அவனேவா?”

“பொம்பளைக்கும் அவருதான்.”

“அப்போ எனக்கு அங்க வேல கெடைக்கும்னு சொல்லு” என்றார்.

சிரித்துக்கொண்டே இருந்தவள், எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. நம்ம ஊர் பாட்டுப் போட்டி பார்க்கவேண்டும், அந்த சீரியலில் மருமகள் வீட்டைவிட்டுப் போனாளா இல்லையா தெரியவேண்டும், ஒன்றும் திறக்க மாட்டேன் என்கிறது, எந்த ஆப்பைத் தொட்டாலும் உங்கள் பகுதியில் கிடையாது என்கிறது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே புலம்பினேன்.

“மருமக போயிட்டா. அடுத்த வாரம் வந்துருவா. இதுக்கா அழுவுற?” என்றார். பிறகு, “நம்ம சேனலப் பாக்கறியா?” என்று கேட்டார்.

ஒன்று

ரெண்டே நாளில் எங்கள் சேனலை யூடியூபில் நேரலையாக ஏற்றிவிட்டார். அதுவரை அதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. யார் யாரையோ கேட்டு, சித்தியை விட்டு டைப் அடிக்கச் சொல்லி, எப்படியோ.

அங்கே மூன்று மணி, இங்கே ஏழரை. நான் அறைக்கு வந்து டிவியில் போட்டால் சித்தப்பா குரல் வரும். “ஏரியில தண்ணி ஏறியிருக்கறதால கரையோரம் மாடு கட்டறவங்க கவனமா இருக்கணும்.” போலந்தில் நான் கவனமாக இருப்பேன்.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் அவர்கள் கம்ப்யூட்டரில் தெரியும். ஊரில் எல்லோருக்கும் கேபிளிலேயே வருகிறது, யூடியூபில் யார் பார்க்கப் போகிறார்கள்? முதல் நாள் செய்தி முடிந்ததும் போன் பண்ணினார்.

“ஒண்ணுன்னு காட்டுது. நீதான?”

“நாந்தான்.”

“நல்லவேள. ரெண்டுன்னு காட்டினா பயந்துடுவேன். மேக்கப் போடணும்.”

“மேக்கப் போட்டுட்டாலும்” என்று சித்தி குரல் பின்னாலிருந்து கேட்டது. “போலந்துல நீ பாக்கப் போறன்னு காலையிலேருந்து தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரியுது உங்க சித்தப்பா.”

சொந்த பந்தத்தில் எத்தனையோ பேர் என்மேல் பிரியம் வைத்திருக்கிறார்கள். எனக்காக ஒரு சேனலை ஆகாயத்தில் ஏற்றினவர் அவர் ஒருவர்தான்.

“லைனுக்குப் போயிருக்கான்”

நீலச் சட்டையைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன்? போன் பண்ணவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழரைச் செய்தி வரவில்லை. போன வருஷத்துத் தீமிதியைத் திரும்பப் போட்டிருந்தார்கள். அதில் சித்தப்பா குரல் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தது. மூலையில் அவர் படம், நடுவில் அவர் குரல்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவே வீடியோ காலில் வந்தார். தலை சீவி, முகம் கழுவி, சிரித்த முகம்.

“இன்னாம்மா, சாப்ட்டியா? குளுரு எப்படி?”

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் புரிந்துபோயிற்று. எனக்குச் சொல்வதில்லை என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.

ஏன் என்பதும் எனக்குத் தெரியும். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் துபாயில் இருந்தவர். தாத்தா செத்துப்போன சேதி கேட்டு, வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். வந்து சேர்ந்தபோது ஆற்றங்கரையில் சாம்பல்தான் இருந்தது. திரும்பப் போனால் அவர் இடத்தில் வேறு ஆள். “மூஞ்சியும் பாக்கல, வேலையும் போச்சு” என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து நிலம், நாற்று, கரும்பு. தன் மகளுக்கு அது நடக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். நான் பாதியில் கிளம்பினால் கம்பெனி வேறு ஆளை அனுப்பும், மெஷினும் அந்த ஆளோடு போகும். எல்லாம் சரிதான். யார் மேல் கோபப்படுவது?

“சித்தப்பா எங்கப்பா?” என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“லைனுக்குப் போயிருக்கான். மழையில ஒயரு அறுந்துபோச்சு.”

கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார். அவருக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. பந்தல் வீட்டு நாற்காலிகள்.

கேபிள் விஷயம் எப்படி மறந்தார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. போனில் யாரும் சொல்லக் கூடாது என்று ஊரெல்லாம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். என் சிநேகிதிகள்கூட வாட்ஸ்அப்பில் ஒன்றும் வைக்கவில்லை. மாடியில் இருக்கிற சேனலை மறந்துவிட்டார்கள். டிவி என்றால் அப்பாவுக்கு ஊர் வரைக்கும்தான். அது போலந்து வரை வருகிறது என்று சித்தப்பா தெருவெல்லாம் சொன்னபோதும், தம்பி ஏதோ உளறுகிறான் என்று விட்டிருப்பார்.

மறதி என்றே ரெண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் அம்மா போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் சித்தி. முகம் வீங்கியிருந்தது. அம்மா போனைத் திருப்பப் பார்த்தாள். சித்தி அதைப் பிடித்துக்கொண்டாள்.

“டிவி பாக்கறியா?” என்றாள் என்னிடம்.

“பாக்கறேன் சித்தி.”

“தெனமா?”

“தெனம்தான்.”

“படம் தெளிவா வருதா?”

“வருது சித்தி.”

“அப்ப சரி. வேளைக்குச் சாப்புடு” என்று போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

அம்மாவுக்குப் பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மாடியில் உட்கார்ந்து டைப் அடித்தவள் அவள். ஒன்று என்ற எண் யார் என்று தெரிந்தவள் அவள். மகள் என்று என் பெயரைப் போட்டவளும் அவளே.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். என் அப்பா சித்திக்கு மூத்தார், கணவனுக்கு அண்ணன். எங்கள் பக்கத்தில் பழைய வழக்கமுள்ள வீடுகளில் மூத்தார் எதிரில் பெண்கள் நின்று பேச மாட்டார்கள். ஒரே வாசல், ஒரே கிணறு, ஆனாலும் சித்தி இத்தனை வருஷத்தில் அப்பாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொள்வாள். “அக்கா, மாமாவுக்கு மோர் வேணுமா கேளுங்க” என்று அம்மா வழியாகத்தான் பேச்சு. அப்பாவும் அப்படியே, “அதுங்கிட்ட சொல்லு” என்பார். சண்டை ஒன்றும் இல்லை. மரியாதை. நான் இதைக் கிண்டல் பண்ணாத நாள் இல்லை. “ரெண்டு பேருக்கும் நடுவுல அம்மா ஒரு டவரு” என்பேன்.

அப்படிப்பட்டவள், புள்ளைக்குச் சொல்லாமல் இருப்பது தப்பு என்று மூத்தாரிடம் எப்படிப் போய்ச் சொல்வாள்? அவர் பேச்சையும் மீறவில்லை. போனில் வாய் திறக்கவில்லை. மாடியேறிப் போய்ப் புருஷன் படத்தை வலது மூலையில் வைத்தாள்.

காலி மூலை

அதற்கப்புறம் நான் கிளம்பியிருக்கலாம். ரெண்டு முறை டிக்கெட் பார்த்தேன். கிளம்பினால் எப்படித் தெரிந்தது என்று அப்பா கேட்பார். பழி சித்தி மேல் போகும். புருஷன் போன வீட்டில் அவளுக்கு அதுவும் வேண்டுமா? டிக்கெட்டை மூடிவிட்டேன்.

நடிக்க ஆரம்பித்தேன். தினமும் மூன்று மணிக்குச் சித்தப்பாவைப் பார்ப்பேன், அழுவேன், முகம் கழுவுவேன். பிறகு அப்பா வருவார், அவரும் முகம் கழுவி. சித்தப்பா எங்கே என்று நான் கேட்காவிட்டால் சந்தேகம் வரும் என்று கேட்பேன். ஒரு நாள் லைனுக்குப் போயிருந்தார். ஒரு நாள் கடலூருக்கு. ஒரு நாள் தூங்கிக்கொண்டிருந்தார். “எழுப்பட்டுமா?” என்று அப்பா கேட்டார். அது அவர் வாயில் எப்படி வந்ததோ.

“வேணாம்பா. தூங்கட்டும்” என்றேன்.

அறையில் சத்தம் வேண்டும் என்று மற்ற நேரத்தில் போலந்து டிவியை ஓட விடுவேன். அந்த ஒற்றை ஆள் எல்லோருக்காகவும் பேசிக்கொண்டிருப்பார். எனக்கு அவர் குரல் பழகிவிட்டது. ஒரு நாள் ஏதோ படத்தில் யாரோ செத்துப்போனார்கள். அழுத எல்லோருக்கும் பதிலாக அவர் நிதானமாகப் பேசினார். எழுந்து சத்தத்தை மட்டும் குறைத்தேன்.

ஒரு மத்தியானம் சேனலைத் திறந்தேன். வலது மூலையில் யாரும் இல்லை. கருமாதி முடிந்துவிட்டது. அவர் போட்ட விதிப்படி சித்தி படத்தை எடுத்துவிட்டாள். எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. குளியலறைக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். வெந்நீர் திறக்கக்கூடத் தோன்றவில்லை. திரும்பி வந்து ஈரத்தலையோடு உட்கார்ந்தபோது, அந்த மூலையில் ஒரு குழந்தை கேக் வெட்டிக்கொண்டிருந்தது. பரிக்கல்பட்டிலிருந்து மாமா, அத்தை வாழ்த்துகிறார்கள்.

எழுத்துப் பிழை இல்லாமல் அடித்திருந்தாள்.

திண்டிவனம் தாண்டி

மூன்று மாதம் முடிந்து சென்னையில் இறங்கினேன். அப்பா தனியாக வந்திருந்தார். காரில் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மெஷினைப் பற்றி நிறையக் கேட்டார். செங்கல்பட்டு வரை மெஷின். மதுராந்தகம் வரை குளிர். திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

“பாப்பா, ஒண்ணு சொல்லணும். பதறக் கூடாது.”

இந்த நிமிஷத்துக்கு நான் விமானத்தில் ஒத்திகை பார்த்திருந்தேன். எப்படி அதிர்வது, எப்படி அழுவது என்று.

“சித்தப்பா இல்லம்மா. மழையில நனஞ்சி வந்தான். நெஞ்ச அடைக்குதுன்னு ஒக்காந்தான். நான் நாத்தங்கால்ல தண்ணி வடிக்கப் போயிருந்தேன். ஓடியாறதுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. வண்டியில ஏத்தினோம். பாகூரு தாண்டல.”

எனக்கு அழுகை வரவில்லை. அழுகையெல்லாம் அந்த அறையிலேயே தீர்ந்துபோயிருந்தது. டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அப்பா என் முகத்தையே பார்த்தார். இவள் தாங்கிக்கொண்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

தம்பி செத்த அன்றைக்கு வர வேண்டிய அழுகை அது. எனக்குத் தெரியக் கூடாது என்று தினமும் தலை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்த மனுஷன், அதை எங்கே வைத்துக்கொண்டிருந்தாரோ. டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

வாசல்

கார் சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். பின்னால் சித்தி. நெற்றி வெறுமையாக இருந்தது. டிவியில் அதைப் பார்த்திருக்கவில்லை. அதுதான் எனக்குப் புதுச் சேதி.

“சொல்லிட்டேன்” என்றார் அப்பா அம்மாவிடம். “நல்லவேள, தாங்கிக்கிச்சு.”

சித்தி வழக்கம்போல் கதவுப் பக்கம் ஒதுங்குவாள் என்று பார்த்தேன். ஒதுங்கவில்லை. படியிறங்கி வந்து அப்பாவுக்கு நேர் எதிரில் நின்றாள்.

“அவளுக்கு அப்பவே தெரியும் மாமா.”

அம்மா பதறி, “இன்னாடி இது?” என்று அவள் கையைப் பிடித்தாள்.

“இருங்கக்கா. அவ பாக்கறான்னு தெரிஞ்சேதான் மாமா போட்டோவப் போட்டேன். வாயத் தொறந்து சொல்லல. ஆனா சொன்னது நாந்தான். அவருக்குன்னு இருந்தது அவ ஒருத்திதான. தெரியாமலே இருந்துடுவாளோன்னு எனக்குத் தாங்கல.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தெரியுமா உனக்கு?”

“தெரியும்பா.”

“அப்புறம் தெனம் எங்கிட்ட சிரிச்சிகினு பேசினியே?”

“நீயும்தாம்பா சிரிச்ச.”

கோபப்படுவார் என்று மூன்று பேரும் நின்றோம். அவர் என் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். பிறகு நிமிர்ந்து, அம்மாவை நடுவில் வைத்துக்கொள்ளாமல், சித்தியையே பார்த்துக் கேட்டார்.

“அவன் கடைசியா இன்னாமா சொன்னான்? நான் வரங்காட்டியும் பேச்சு போயிடுச்சி. நீ மட்டும்தான் பக்கத்துல இருந்த. உன்ன எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன்.”

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“பெருசா ஒண்ணும் சொல்லல மாமா. ஆத்தோரத் தெருவுக்கு இன்னும் படம் வரல, விடிஞ்சதும் போய்ப் பாக்கணும்னாரு. அப்புறம், அண்ணன் மழையில வெளிய போயிருக்கு, வந்துடுச்சா பாருன்னாரு. நான் எட்டிப் பாத்துட்டு வரேன்னு வாசலுக்கு வந்தேன். நீங்க அப்பதான் வரப்பு மேல வந்துகினு இருந்தீங்க. உள்ள போனேன், வராருன்னு சொன்னேன்.”

“கேட்டானா?”

“கேட்டாரு. தலைய ஆட்டினாரு.”

அப்பா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் மட்டும் அசைந்தது, தனக்குள்ளே திருப்பிச் சொல்லிப் பார்ப்பதுபோல.

“இன்னொரு தபா சொல்லும்மா” என்றார்.